கணக்கு வாத்தியாரை விரட்டிய சூதாட்ட முதலாளிகள்!

சேலத்துக்கு வடக்கே, ஏற்காட்டு மலையடிவாரத்தை நோக்கிப் போகும் வழியில் இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. அங்கே ஒரு தேநீர்க் கடையில் சில நாட்களுக்கு முன் ஒரு இளைஞரைச் சந்தித்தோம். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்பவர். கைபேசி ரம்மியில் பணத்தை விட்டுக் கடனாளி ஆனவர். ஆட்டம் நின்றுபோயிற்று, கடன் நிற்கவில்லை. வட்டி குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது.

அவர் கேட்ட கேள்வி இதுதான்:

"ஏனுங்க தோழர், அமெரிக்காவிலே ஒரு கணக்கு வாத்தியார் சீட்டை எண்ணியே சூதாட்ட விடுதியைத் தோற்கடிச்சாராமே! அப்படீன்னா நாங்க தோத்தது விதியில்லீங்க. கணக்குத் தெரியாமத்தானே தோத்தோம்? அந்த வித்தையைக் கத்துக்கிட்டா விட்டதைப் பிடிச்சிடலாமில்லீங்களா?"

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குள்ளே ஒரு தூண்டில் இருக்கிறது. மீண்டும் ஒருமுறை கடன் வாங்கி, மீண்டும் ஒருமுறை ஆடிப் பார்க்கலாம் என்ற ஆசைதான் அந்தத் தூண்டில். வெளிநாட்டிலிருந்து திருட்டுத்தனமாக நடத்தப்படும் சூதாட்டத் தளங்கள் வலைவீசிக் காத்திருக்கும் இந்தக் காலத்தில், இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்வது நம் கடமை.

யார் அந்த வாத்தியார்?

அவர் பெயர் எட்வர்ட் தார்ப். 1932-ல் சிகாகோ நகரில் பிறந்தவர். கணிதப் பேராசிரியர். அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் 'பிளாக்ஜாக்' என்ற சீட்டாட்டம் உண்டு. கையிலுள்ள சீட்டுகளின் மதிப்பைக் கூட்டி, 21-ஐத் தாண்டாமல் அதற்கு மிக அருகில் வருபவனுக்கு வெற்றி. ஆட்டக்காரன் ஒரு பக்கம். விடுதியின் ஆள் மறுபக்கம்.

தார்ப் கவனித்தது மிக எளிய உண்மை. தாயக்கட்டைக்கு ஞாபகம் கிடையாது. ஒருமுறை ஆறு விழுந்தால் அடுத்தமுறை விழுவது அதனால் மாறாது. சீட்டுக்கட்டு அப்படியல்ல. வெளியே வந்த சீட்டு கட்டில் இல்லை. ஆகவே வந்த சீட்டுகளைக் கணக்கு வைத்திருப்பவனுக்கு, இனி வரப்போகும் சீட்டுகளின் தன்மை ஓரளவு தெரியும்.

விடுதியின் ஆள் 16 அல்லது அதற்குக் குறைவாக வைத்திருந்தால் இன்னொரு சீட்டு எடுத்தே தீர வேண்டும் என்பது விதி. கட்டில் பெரிய சீட்டுகள் மிகுதியாக இருந்தால் அவன் 21-ஐத் தாண்டித் தோற்கும் வாய்ப்பு கூடும். அந்த நேரத்தில் பந்தயத்தைக் கூட்டு. மற்ற நேரத்தில் குறைத்துக்கொள். இதுதான் வித்தையின் சாரம். பின்னால் வந்த எளிய முறையில், 2 முதல் 6 வரையுள்ள 20 சின்னச் சீட்டுகள் ஒவ்வொன்று வரும்போதும் ஒன்று கூட்ட வேண்டும். பத்து, படச்சீட்டு, ஏஸ் ஆகிய 20 பெரிய சீட்டுகள் ஒவ்வொன்று வரும்போதும் ஒன்று கழிக்க வேண்டும். 7, 8, 9 கணக்கில் சேராது. கூட்டல் கழித்தல் தெரிந்த பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் கணக்கு!

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு தனிமனித மந்திரவாதி என்று எண்ணிவிடக் கூடாது. 1956-லேயே அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிந்த நான்கு பேர் மேஜைக் கணக்கு யந்திரங்களை வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தின் சிறந்த வழிமுறையைக் கணக்கிட்டு வெளியிட்டிருந்தார்கள். அவர்கள் போட்ட பாதையில்தான் தார்ப் நடந்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ஐ.பி.எம். 704 கம்ப்யூட்டரில் ஏராளமான கணக்குகளைப் போட்டுப் பார்த்தார். அறிவு என்பது பலர் சேர்ந்து உழைத்துச் சேர்க்கும் செல்வம். தார்ப்பின் வெற்றியிலும் அந்தப் பலருடைய உழைப்பு இருக்கிறது.

1961-ல் அவர் தம் முடிவுகளை அறிஞர்கள் முன் வைத்தார். அதே ஆண்டு, பணக்காரச் சூதாடிகள் இருவர் கொடுத்த 10,000 டாலரை வைத்துக்கொண்டு நெவாடா மாநிலத்து விடுதிகளில் ஆடி, சுமார் 11,000 டாலர் வென்று காட்டினார். 1962-ல் 'பீட் தி டீலர்' என்ற நூலை வெளியிட்டார். லட்சக்கணக்கில் விற்ற நூல் அது. ரகசியமாக வைத்துக்கொள்ளக் கூடிய வித்தையை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். இதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

முதலாளிகள் என்ன செய்தார்கள்?

"எங்கள் ஆட்டத்தில் திறமைக்கு இடமுண்டு, திறமைசாலிகளே வருக!" என்று சூதாட்ட முதலாளிகள் மாலை போட்டு வரவேற்றார்களா? இல்லை! விரட்டினார்கள். எண்ணுகிறான் என்று சந்தேகம் வந்தாலே போதும். "உனக்கு இங்கே இடமில்லை" என்றார்கள். தார்ப்பே வேஷம் மாற்றிக்கொண்டு போய் ஆட வேண்டிய நிலை வந்தது.

1964 ஏப்ரலில் லாஸ்வேகாஸ் விடுதிகள் கூடிப் பேசி ஆட்டத்தின் விதிகளையே தங்களுக்குச் சாதகமாக மாற்றின. சாதாரண ஆட்டக்காரர்கள் வெறுத்துப்போய் வராமல் நின்றார்கள். சில வாரங்களிலேயே முதலாளிகள் பழைய விதிகளுக்குத் திரும்பினார்கள். ஆனால் சும்மா இருக்கவில்லை. ஒரு கட்டுக்குப் பதில் பல கட்டுகளைக் கலந்தார்கள். பாதியிலேயே கலைத்துப் போட்டார்கள்.

1982-ல் நியூஜெர்ஸி மாநில சுப்ரீம் கோர்ட், எண்ணி ஆடுகிறவரை அதற்காக மட்டும் விடுதிகள் தாமாக வெளியேற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. முதலாளிகள் அதற்கும் வழி கண்டார்கள். கட்டுகளைக் கூட்டிக் கலைத்து, எண்ணுவதைப் பயனற்றதாக்கினார்கள். தோற்கிறவனுக்கு நாற்காலி, ஜெயிக்கிறவனுக்குக் கதவு! இதுதான் சூதாட்டச் சந்தையின் தர்மம்.

நம் தொழிலாளிகளுக்கு இது புதிதா? பீஸ் ரேட் கூலியில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். கை தேர்ந்து, வேகம் கூடி, ஒருவன் கொஞ்சம் அதிகம் சம்பாதித்துவிட்டால் என்ன நடக்கிறது? "ரேட் அதிகம்" என்று முதலாளி குறைக்கிறான். மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் முதல் பாகத்தில் பீஸ் ரேட் கூலிக்கென்று தனி அத்தியாயமே எழுதினார். தொழிலாளியின் திறமை தனக்கு லாபமாக இருக்கும்வரைதான் முதலாளி அதைப் புகழ்வான்.

ரம்மியில் வாத்தியார் வித்தை செல்லுமா?

இப்போது நம் இளைஞரின் கேள்விக்கு வருவோம். தார்ப் ஆடியது விடுதிக்கு எதிராக. அவர் வென்றால் விடுதி தோற்கும். கைபேசி ரம்மியில் கம்பெனி எதிர் ஆட்டக்காரனே அல்ல! ஆடுகிறவர்கள் எல்லோரும் நம்மைப் போன்றவர்கள். கம்பெனி ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு பேர், ஆளுக்கு ஆயிரம் ரூபாயுடன் உட்காருகிறார்கள். மொத்தம் 6,000 ரூபாய். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆளுக்கு 100 ரூபாய் பந்தயம். கம்பெனியின் பங்கு நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆட்டத்துக்குக் கம்பெனிக்கு 60 ரூபாய். அவர்கள் இப்படி நூறு ஆட்டம் ஆட வேண்டுமானால் கம்பெனிக்கு மட்டும் 6,000 ரூபாய் வேண்டும். கொண்டுவந்த பணம் அவ்வளவும் தீர்ந்தது! நூறு ஆட்டம் முடிவதற்கு முன்பே அவர்கள் மேலும் கடன் வாங்க ஓட வேண்டியதுதான்.

ஆறு பேரும் கணிதப் பேராசிரியர்களாக இருந்தால் இந்தக் கணக்கு மாறுமா? மாறாது. ஒருவன் மிகவும் திறமைசாலி, அவன் மட்டும் ஜெயிக்கிறான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஜெயித்த பணம் யாருடையது? பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளியின் வாரக்கூலியாக இருக்கும். இன்னொரு பட்டறைத் தோழனின் முன்பணமாக இருக்கும். கம்பெனி முதலாளியின் பணம் ஒரு காசுகூட அதில் இல்லை. விட்டதைப் பிடிப்பது என்றால் உன்னைப்போல் விட்டவனிடமிருந்துதான் பிடிக்க வேண்டும்!

போதாக்குறைக்கு, சீட்டைக் கலைப்பது கம்பெனியின் யந்திரம். எதிரே இருப்பவன் யார் என்பதும் தெரியாது. தார்ப்புக்கு எதிரே ஒரு மனிதன் உட்கார்ந்து, கண்ணெதிரே சீட்டுப் போட்டான். நமக்கு அதுவும் இல்லை.

கோர்ட்டில் பறந்த 'திறமை' கொடி

ஆனாலும் கம்பெனிகள் பல ஆண்டுகளாக உயர்த்திப் பிடித்த கொடி 'திறமை'தான். "ரம்மி திறமை விளையாட்டு என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது" என்றார்கள். உண்மைதான். ஆந்திர அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில், சிகந்தராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய அந்த 1968-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றும் சொல்கிறது: பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து கிளப்பை நடத்துகிறவர் லாபம் சம்பாதித்தால், அது குற்றமாகக் கூடும்! முதல் பாதியை முரசு கொட்டி அறிவித்தவர்கள் இரண்டாம் பாதியை மூடி மறைத்தார்கள். லாபத்துக்காகவே நடத்தப்படும் கம்பெனிகள் நண்பர்கள் கூடும் கிளப்பின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றன!

தமிழ்நாட்டில் கடன்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வந்தபடி இருந்தன. 2021-ல் சட்டசபை தடைச் சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை ஐகோர்ட் அதை ரத்து செய்தது. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அக்டோபரில் மசோதா நிறைவேறியது. கவர்னர் ரவி அதை மாதக்கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டசபை மீண்டும் நிறைவேற்றிய பிறகே ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பரில் ஐகோர்ட் சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி அவற்றை மட்டும் தடையிலிருந்து விடுவித்தது. மறுபடியும் திறமை!

மத்திய சர்க்கார் என்ன செய்தது? 2023 அக்டோபர் முதல் கட்டிய பணத்தின் மீது 28 சதவீத வரி வசூலித்தது. 2025 ஆகஸ்டில்தான், திறமையோ அதிர்ஷ்டமோ எதுவானாலும், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தைப் பார்லிமெண்டில் நிறைவேற்றியது. அந்தச் சமயத்தில் சர்க்கார் வட்டாரங்களே தெரிவித்த மதிப்பீடு: 45 கோடிப் பேர் ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள்! ஆடுகிறவனைத் தண்டிக்காமல், நடத்துகிறவனையும் விளம்பரம் செய்கிறவனையும் தண்டிக்கும் சட்டம் அது. அந்த அளவில் அதை வரவேற்கிறோம். ஆனால் வீடு எரிந்து முடியும்வரை வரி வாங்கிக்கொண்டிருந்தது ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. சட்டம் வந்த கையோடு கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. அங்கேயும் அவர்கள் தூக்கிச் சென்றது அதே கொடிதான்!

திறமைக்கு எங்கே இடம்?

தார்ப்பின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. சீட்டு மேஜையிலிருந்து விரட்டப்பட்ட அவர் பங்குச் சந்தைக்குப் போனார். 1969-ல் கூட்டாளியுடன் முதலீட்டு நிதி ஒன்று தொடங்கிப் பெருஞ்செல்வம் சேர்த்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாயும் தந்தையும் ஆலைகளில் உழைத்த குடும்பத்துப் பிள்ளை அவர். அவ்வளவு கூர்மையான மூளைக்கு முதலாளித்துவச் சமுதாயம் காட்டிய இடம் எது? சின்னச் சூதாட்ட விடுதி, இல்லையேல் பெரிய சூதாட்ட விடுதி! குற்றம் அவருடையதல்ல, அந்த அமைப்பினுடையது.

கொண்டப்பநாயக்கன்பட்டி இளைஞருக்கு இதையெல்லாம் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படீன்னா கடனுக்கு என்னங்க வழி?" என்றார். அதுதான் சரியான கேள்வி!

கடைக்காரரிடம் ஒரு காகிதம் வாங்கினோம். வாங்கிய அசல், இதுவரை கட்டிய வட்டி, பட்டறையில் கிடைக்கும் கூலி எல்லாவற்றையும் அவரே எழுதினார். கட்டிய வட்டி அசலைத் தாண்டியிருந்தது. மனக்கணக்கில் அவர் நம்மைவிடக் கெட்டிக்காரர்.

தடைச் சட்டத்தோடு சர்க்காரின் வேலை முடிந்துவிடவில்லை. திருட்டுத் தளங்களை அடைக்க வேண்டும். சூதாட்டக் கடனில் சிக்கிய உழைப்பாளிகளைக் கந்துவட்டிக்காரர்களிடமிருந்தும் கைபேசிக் கடன் கம்பெனிகளிடமிருந்தும் மீட்க வேண்டும். கூட்டுறவு வங்கிகள் குறைந்த வட்டியில் கடன் தந்து பழைய கடனை அடைக்க உதவ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வாரம் உழைத்தால் ஒரு வாரம் சாப்பிடக்கூடிய கூலி வேண்டும். அது இல்லாத இடத்தில்தான் அதிர்ஷ்டத்தின் மீது ஆசை முளைக்கிறது.

தோழர்களே! எண்ணத் தெரிந்தவர்கள் நம் தொழிலாளிகள். வெள்ளியை நிறுத்து வாங்குகிறவனிடம் கூலியை எண்ணி வாங்குவோம். வட்டிக்காரன் எழுதிய கணக்கைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து கூட்டிப் பார்ப்போம். அந்த இளைஞர் தம் காகிதத்தோடு அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு பட்டறையிலும் ஒவ்வொரு தறிக்கூடத்திலும் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து வருவது நம் வேலை.