வரலாம், வருவதுண்டு

பக்கத்து வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கில இலக்கணத்தில் 'மோடல்ஸ்' நடக்கிறது என்று நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். எங்கள் அந்தமான் தீவுப் பள்ளிகளில் சிபிஎஸ்இ பாடத்திட்டம் என்பதால், டெல்லிப் பிள்ளை படிக்கிற அதே பாடம்தான் ஸ்ரீ விஜய புரத்திலும். நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். கேன் என்றால் முடியும். குட் என்றால் முடிந்தது. மே என்றால் லாம். மைட் என்றாலும் லாம், பக்கத்தில் சின்ன எழுத்தில் 'கொஞ்சம் சந்தேகம்'.

"மாமா, ரெண்டுமே லாம்னா எதுக்கு ரெண்டு வார்த்தை?" என்று கேட்டாள்.

கேட்க வேண்டிய கேள்விதான். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தால் கோடிட்ட இடங்களை நிரப்பி மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பொருத்திப் படிக்கிற பிள்ளை, பேச வாய் திறக்கும்போது தடுமாறிப்போகிறது. இந்தத் துணைவினைகள் நடக்கப்போவதைச் சொல்வதோடு, சொல்கிறவருக்கு அதைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்கின்றன. கடலை நம்பி வாழ்கிறவர்களுக்கு அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம்.

முதலில் குட். தமிழில் "ஏற முடிந்தது" என்றால் ஏறியாயிற்று என்று பொருள். ஆங்கிலக் குட் அந்த உறுதியைத் தருவதில்லை. அந்தக் காலத்தில் அந்தத் திறமை இருந்தது என்பதோடு நின்றுகொள்ளும். 'சின்ன வயசில் நன்றாகத் தென்னை ஏறுவேன்' என்று ஒருவர் சொன்னால் அதற்குக் குட் பொருத்தம். 2004 டிசம்பர் 26 காலையில் நிக்கோபாரில் சுனாமி அலை வந்தபோது தென்னையில் ஏறி உயிர் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அது அன்று ஒருநாள், ஒரே ஒருமுறை ஏறியது. அதைச் சொல்ல ஆங்கிலம் பேசுகிறவர்கள் 'வாஸ் ஏபிள் டு' என்பார்கள், இல்லையென்றால் 'மேனேஜ்டு டு'. முடியாமல் போனதைச் சொல்லும்போது இந்தப் பாகுபாடு கிடையாது. 'குடன்ட்' இரண்டுக்கும் போதும். நம் பிள்ளைகள் 'முடிந்தது' என்று நினைத்துக் குட் எழுதி மதிப்பெண் இழப்பது இந்த இடத்தில்தான். அவர்களுடைய தமிழ் தெளிவாக இருப்பதால் வருகிற பிழை அது. அதற்குச் சிவப்புக் கோடு போடும் ஆசிரியர் காரணத்தையும் ஒரு வரி சொன்னால் பிள்ளை மறக்காது.

கேன் விஷயத்தில் நாம்தான் பணக்காரர்கள். எனக்கு நீச்சல் தெரியும். இன்றைக்குக் காய்ச்சல், நீந்த முடியாது. அவனுக்கு டோங்கிப் படகு ஓட்ட வரும். நீங்கள் இங்கே உட்காரலாம். தெரியும், முடியும், வரும், லாம் என்று நாம் பிரித்துச் சொல்கிற அத்தனைக்கும் ஆங்கிலத்தில் ஒரே கேன் போதும்.

கேனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைப் பட்டியல்கள் சொல்வதேயில்லை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மாதம் மூன்றாவது வாரம் வாக்கில், அந்தமான் கடலுக்கு வந்துவிடும். அதன் பிறகு சில மாதங்களுக்குக் கடல் எப்படி இருக்கும் என்று சொல்லும்போது ஆங்கிலத்தில் கேன் போடுவார்கள். ஜூனில் கடல் சீறுவதுண்டு என்று பொருள். நாளைக்குச் சீறுமா என்பது வேறு பேச்சு. அதற்கு மே, மைட், குட் மூன்றும் செல்லும், கேன் செல்லாது. 'நாளை மழை பெய்யலாம்' என்பதைக் கேன் போட்டு எழுதினால் ஆங்கிலக் காதுக்கு இடறும். தமிழில் இதே கோடு எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது பாருங்கள்! 'கப்பல் தாமதமாக வருவதுண்டு' என்றால் பல வருஷ அனுபவம். 'கப்பல் தாமதமாக வரலாம்' என்றால் இன்றைய சந்தேகம். வருவதுண்டு என்பதைக் கேனோடும் வரலாம் என்பதை மேயோடும் சேர்த்துக் காட்டினேன். அந்தப் பெண் உடனே பிடித்துக்கொண்டாள்.

மைட்? பேச்சு வழக்கில் மேயும் மைட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். மைட் ஒரு படி கையை இழுத்துக்கொள்ளும், அவ்வளவே. அனுமதி கொடுக்க மே வரும், மைட் வராது. இதற்கு மேல் அதில் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

எதிர்மறையில்தான் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். 'மழை பெய்யக்கூடும்' என்பதற்கு எதிர்மறை 'பெய்யக்கூடாது' ஆகாது. அது வேண்டுதல் ஆகிவிடும். ஆங்கில 'மே நாட்' கூடாது என்ற தடையையும் நடக்காமல் போகலாம் என்ற சந்தேகத்தையும் தனக்குள் வைத்திருக்கிறது. ஜாரவா காப்புக்காட்டு வழியாகப் போகிற சாலையில் வண்டியை நிறுத்தக்கூடாது என்ற விதியில் அது தடை. கப்பல் அறிவிப்பில் அதே 'மே நாட்' வந்தால், புறப்படாமலும் போகலாம் என்று பொருள். புறப்படவே வாய்ப்பில்லை என்றால் அங்கே 'கான்ட்' வர வேண்டும். படகுத்துறையில் ஒட்டிய அறிவிப்பில் 'மே நாட்' என்றிருந்ததைக் கப்பல் ரத்து என்று படித்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பிய குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். கப்பல் புறப்பட்டுப் போனது. அடுத்த கப்பல் எப்போது என்பது மத்திய, வட அந்தமான்காரர்களுக்கும் நிக்கோபார்காரர்களுக்கும் எவ்வளவு பெரிய கேள்வி என்பதைத் தீவில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எச்சரிக்கை மொழிக்கு வருகிறேன். 2004-இல் சுமாத்ராவுக்கு மேற்கே 9.1 அளவில் பூமி அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை 6.29-க்கு. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி மையம் முதலில் வெளியிட்ட அறிக்கை பசிபிக் பகுதிக்கு ஆபத்து இல்லை என்றது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து வந்த இரண்டாவது அறிக்கையில்தான், மையப்பகுதிக்கு அருகே சுனாமிக்குச் சாத்தியம் உண்டு என்று ஒரு வரி சேர்ந்தது. அதற்குள் நிக்கோபாரை அலை மூழ்கடித்துவிட்டது. தமிழகக் கரைக்கு அலை வர இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத அவகாசம் இருந்தது. அந்தச் 'சாத்தியம் உண்டு' என்ற வரியை வாங்கி நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் சொல்ல அன்று இந்தியப் பெருங்கடலில் ஓர் ஏற்பாடும் இல்லை.

'அவர்கள் தப்பியிருக்கலாம்' என்று நாகப்பட்டினத்தைப் பற்றிச் சொல்கிறோம். தப்பவில்லை என்ற துக்கம் அதில் இருக்கிறது. அதே வார்த்தையை நிக்கோபாரின் கச்சாலில் வேறு பொருளில் சொன்னார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களை 1970-களில் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றிய தீவு அது. காணாமல் போனவர்கள் மிக அதிகமாக இருந்த தீவும் அதுதான். மேட்டுக்கு ஓடித் தப்பியிருக்கலாம், மரத்தைப் பற்றிக்கொண்டு வேறு கரையில் ஒதுங்கித் தப்பியிருக்கலாம் என்று உறவுகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இந்த இரண்டாவது லாமுக்கு ஆங்கிலம் 'மே ஹேவ்' போடும். முதல் லாமுக்கு 'குட் ஹேவ்'. தமிழில் எது என்பதைச் சொல்கிறவர் முகம்தான் காட்டும்.

2007-இல் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் மீண்டும் சுமாத்ரா அருகே 8.6. நிக்கோபாரில் சில இடங்களுக்கு எச்சரிக்கை போனது, மக்கள் மேட்டுக்குப் போனார்கள், பேரலை வரவில்லை. கடலடிப் பாறைகள் பக்கவாட்டில் நழுவியதால் கடல் பெரிதாகத் தூக்கப்படவில்லை. எச்சரிக்கை பொய்த்தது என்று அன்று பேசியவர்கள் உண்டு. பொய்க்கவில்லை. வரும் என்று யாரும் சொல்லவில்லை, வரக்கூடும் என்றார்கள். அந்த நேரத்தில் தெரிந்தது அவ்வளவுதான். கூடும் என்பதை வரும் என்று கேட்டுவிட்டு, வராதபோது அடுத்த கூடும் மீது நம்பிக்கை இழந்துவிடுகிறோமே, அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

வானிலை ஆய்வுத் துறை தன் ஆங்கில அறிக்கைகளில் இதற்கு ஓர் அளவுகோலே வைத்திருக்கிறது. 'லைக்லி' என்றால் 25 முதல் 50 சதவீதம் வாய்ப்பு, 'வெரி லைக்லி' 50 முதல் 75, அதற்கு மேல் 'மோஸ்ட் லைக்லி'. ஐபிசிசி பருவநிலை அறிக்கைகளிலோ வெறும் 'லைக்லி' என்றாலே 66 சதவீதத்துக்கு மேல். தமிழ்ச் செய்திக்கு வரும்போது எல்லாப் படிகளும் 'மழைக்கு வாய்ப்பு' என்று ஒரே தரையாகிவிடுகின்றன. 'பெய்யலாம்', 'பெய்ய வாய்ப்பு அதிகம்', 'அநேகமாகப் பெய்யும்' என்று நம்மிடம் படிகள் இருக்கின்றன. செய்தி எழுதுகிறவர்கள் அவற்றைப் பிடிவாதமாகப் பயன்படுத்த வேண்டும்.

எங்கள் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மோடல்ஸ் நடத்தும் வாரத்தில் அன்றைய வானிலை அறிக்கையையும் ஒரு கப்பல் அறிவிப்பையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு வரியிலும் எழுதியவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பிள்ளைகள் சொல்லட்டும். அறிவிப்பு எழுதுகிறவர்கள், 'புறப்படாமலும் போகலாம்' என்று ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதுவதைத் தமிழிலும் வங்காளத்திலும் நிக்கோபாரியிலும் எழுதி, எத்தனை மணிக்கு முடிவு தெரியும் என்பதை அடுத்த வரியில் போடட்டும். மூட்டையோடு நிற்கிறவர் அதுவரை துறையிலேயே காத்திருப்பார்.