கெமிக்கலே இல்லாத சோப்பா?

"நூறு சதவீதம் ஆர்கானிக் டாக்டர், கெமிக்கலே கிடையாது"ன்னு ஒரு அம்மா வீட்டுல செஞ்ச குப்பைமேனி சோப்பைக் காட்டினாங்க. அவங்க குழந்தைக்கு எக்ஸிமா.

காஸ்டிக் சோடா இல்லாம சோப்புக்கட்டியே கிடையாதுங்க. எண்ணெயும் அதுவும் வினைபுரிஞ்சாதான் சோப்பும் கிளிசரினும் வரும். கடையில வாங்கி உருக்கி ஊத்துற சோப் பேஸும் அப்படித்தான், அந்த வேலையை வேற யாரோ முன்னாடியே செஞ்சிருப்பாங்க.

100 கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 18 கிராம் காஸ்டிக் சோடா. ஆலிவ் எண்ணெய்க்கு 13 சொச்சம்தான். அளவு சரியா இருந்தா காரம் முழுசும் எண்ணெயோட சேர்ந்துடும். பாதுகாப்புக்கு 5% எண்ணெய் கூடுதலா விடுவாங்க. கண்ணளவுல போட்டா மிச்சக் காரம் தோலைப் புண்ணாக்கும். நல்லா செஞ்ச சோப்புக்கே பிஹெச் 9-10 இருக்கும், நம்ம தோலுக்கு 5 சொச்சம். எக்ஸிமா குழந்தைக்கு அது ஆர்கானிக்கா இல்லையாங்கறது ரெண்டாவது கேள்வி.

சோப்பு செய்யாதீங்கன்னு சொல்லல. கோபமெல்லாம் அந்த ரீல்ஸ் மேலதான். கையுறை இல்ல, கண்ணாடி இல்ல, பக்கத்துல குழந்தை! காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா போடணும், அது மேல தண்ணியை ஊத்தக் கூடாது, கொதிச்சுத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம்.

கரைச்சதைத் தண்ணி பாட்டில்ல வைக்காதீங்க. குழந்தை ஒரு மடக்கு குடிச்சா உணவுக்குழாயே வெந்துடும். குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, எலுமிச்சைச் சாறு குடுக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க.