படத்தில் இருப்பவர் பெயர் என்ன?

உங்கள் போனில் கேலரியைக் கொஞ்சம் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். குடும்பத்து முகங்களுக்கு நடுவே வெளியாட்கள் சிலரும் இருப்பார்கள். சுற்றுலா போன ஊரில் இளநீர் வெட்டிக் கொடுத்த பெரியவர், கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, படகுத்துறையில் பல் தெரியச் சிரித்த சிறுவன். 'என்ன அழகான முகம்!' என்று ஆசையாக எடுத்திருப்பீர்கள். ஸ்டேட்டஸிலும் வைத்திருப்பீர்கள். சரி, அவர்கள் பெயர் என்ன?

பெரும்பாலும் தெரியாது. 'இதில் என்ன இருக்கிறது?' என்று தோன்றலாம். உலகம் முழுக்கப் பிரபலமான ஒரு போட்டோவின் கதையைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

20 மைல் போய்த் திரும்பிய கார்

1936 மார்ச். அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்து, லட்சக்கணக்கானோர் பிழைப்புத் தேடி ஊர் ஊராக அலைந்த காலம். டொரோத்தியா லாங் என்ற புகைப்படக்காரர், அந்த மக்களைப் படமெடுக்கும் அரசு வேலையை முடித்துவிட்டு, மழையில் கலிபோர்னியா சாலை வழியே வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நிபோமோ என்ற ஊருக்கு அருகே, 'பட்டாணி பறிப்பவர்கள் முகாம்' என்று ஒரு பலகை. பார்த்தும் நிற்காமல் போய்விட்டார். 20 மைல் தாண்டிய பிறகும் அந்தப் பலகை மனதைவிட்டுப் போகவில்லை. காரைத் திருப்பினார்.

குளிரில் பட்டாணிப் பயிர் கருகி, வேலையில்லாமல் மக்கள் முடங்கிக் கிடந்த முகாம் அது. ஒரு கிழிந்த கூடாரத்தில் ஒரு தாயும் குழந்தைகளும். லாங் முதலில் தள்ளி நின்று கூடாரம் முழுவதும் தெரிய எடுத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினார். கடைசிப் படத்தில் கூடாரத்தின் துணி மட்டும் பின்னால் லேசாகத் தெரிகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்த இரண்டு குழந்தைகள், மடியில் ஒரு கைக்குழந்தை, கன்னத்தருகே கையை வைத்து எங்கோ பார்க்கும் அந்தத் தாய். 'கன்னத்தில் கை வைத்து உட்காராதே' என்று நம் வீட்டில் ஏன் அதட்டுகிறார்கள் என்பது அந்தப் படத்தைப் பார்த்தால் புரியும். குழந்தைகளின் முகம் தெரியாததால், நம் பார்வை நேராகத் தாயின் முகத்தில்தான் போய் நிற்கிறது.

'மைக்ரன்ட் மதர்', அதாவது புலம்பெயர்ந்த தாய் என்று அந்தப் படம் பெயர் வாங்கியது. லாங் எடுத்த படங்கள் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்றில் வந்ததும், அந்த முகாமுக்கு அரசு 20,000 பவுண்டு, அதாவது சுமார் 9,000 கிலோ உணவு அனுப்பியது. ஒரு போட்டோவால் அவ்வளவு முடிந்தது. ஆனால், உணவு வந்து சேருமுன் அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது.

42 வருடம் பெயர் இல்லை

தாயின் வயது 32 என்று லாங் குறித்துக்கொண்டார். பெயரையும் பூர்வீகத்தையும் கேட்கவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். உணவு வாங்குவதற்காக அந்தக் குடும்பம் கார் டயர்களை விற்றுவிட்டது என்றும் எழுதினார். அந்த வரி படத்தோடு ஒட்டிக்கொண்டது.

1978-ல் உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர் அந்தத் தாயைக் கண்டுபிடித்தார். பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். ஓக்லஹோமாவில் பிறந்த செரோக்கி பழங்குடிப் பெண். பருத்தி பறித்தும் கிடைத்த வேலையைச் செய்தும் பிள்ளைகளை ஆளாக்கியவர். அன்று கார் பழுதாகி வழியில் நின்றதால்தான் அந்த முகாமில் ஒதுங்கினார்கள். டயரை விற்கவே இல்லை, அதே டயரில்தான் ஊரைவிட்டுக் கிளம்பினோம் என்றார் அவர் மகன்.

படத்தை எடுக்க விட்டிருக்கவே கூடாது என்று வருத்தப்பட்டார் ஃப்ளாரன்ஸ். உலகமே பார்த்த படத்தால் அவருக்கு ஒரு காசு வரவில்லை. அரசுக்காக எடுத்த படம் என்பதால் லாங்குக்கும் அதில் உரிமைத்தொகை இல்லை. அவர் நல்ல மனதோடுதான் எடுத்தார். ஆனால் கேட்காமல் விட்ட இடத்தை ஊகம் நிரப்பியது. ஊகம் ஒரு குடும்பத்தின் வரலாறாகிவிட்டது.

1983-ல் ஃப்ளாரன்ஸ் நோயில் விழுந்தபோது, சிகிச்சைக்குப் பணமில்லாமல் பிள்ளைகள் உதவி கேட்டார்கள். 35,000 டாலருக்கு மேல் குவிந்தது. கூடவே கட்டுக்கட்டாகக் கடிதங்கள். அதுவரை பாரமாக இருந்த படம், அந்தக் கடிதங்களைப் படித்த பிறகுதான் பெருமையாகத் தெரிந்தது என்றார்கள் பிள்ளைகள். அந்த வருடம் செப்டம்பரில் ஃப்ளாரன்ஸ் காலமானார்.

இதே கதை பிறகும் நடந்தது. 1984-ல் பாகிஸ்தானின் பெஷாவர் அருகே, அகதிகள் முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக்கண் சிறுமியின் படம் 'நேஷனல் ஜியாகரபிக்' அட்டையில் வந்தது. அவர் பெயர் ஷர்பத் குலா என்று உலகம் தெரிந்துகொண்டது 2002-ல். தன் படத்தை அவரே அப்போதுதான் முதல்முறை பார்த்தார். அதே ஷர்பத் குலா, போலி அடையாள அட்டை வைத்திருந்ததாக 2016-ல் பாகிஸ்தானில் கைதாகி, ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். உலகமெல்லாம் தெரிந்த முகத்துக்கு, நான் யார் என்று காட்ட ஒரு காகிதம் இல்லை!

நாம் என்ன செய்யலாம்?

பெரிய கேமரா வேண்டாம். கையிலிருக்கும் போனே போதும்.

முதலில் பேசுங்கள், பிறகு எடுங்கள். 'ஒரு போட்டோ எடுத்துக்கலாமாங்க?' என்று கேட்டால், பத்தில் சிலர் வேண்டாம் என்பார்கள். அது அவர்கள் உரிமை. சரி என்பவர்கள் ஐந்து நிமிடம் பேசியபின் காட்டும் முகம், திடீரென்று எடுத்தால் கிடைக்காது.

லாங் செய்ததைப்போல ஒன்றுக்கு மேற்பட்ட படம் எடுங்கள். தள்ளி நின்று ஒன்று: அவர் கடை, தறி, அடுப்படி எல்லாம் தெரியட்டும். நெருங்கி ஒன்று: முகம். கூடவே கைகள். முகம் மட்டும் இருந்தால் யார் என்றுதான் தெரியும். இடமும் சேர்ந்தால்தான் எப்படி வாழ்கிறார் என்று தெரியும்.

படத்தை உடனே அவரிடமே காட்டுங்கள். போன் வைத்திருந்தால் அங்கேயே அனுப்பிவிடுங்கள். இணையத்தில் போடுவதென்றால், அதையும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பெயர், ஊர், தேதி, அவர் சொன்ன ஒரு விஷயம். இந்த நான்கையும் எழுதி வையுங்கள். பல போன்களில் படத்தை மேலே தள்ளினால் குறிப்பு எழுத இடம் வரும். அவர் சொன்னதை மட்டும் எழுதுங்கள். நமக்குத் தோன்றியதைச் சேர்க்க வேண்டாம்.

பழைய ஆல்பங்களுக்கும் இதுதான். ஸ்டூடியோவில் திரைச்சீலைக்கு முன்னால் விறைப்பாக நிற்கும் அந்தக் கறுப்பு வெள்ளைக் குடும்பத்தில், இடது ஓரத்தில் இருக்கும் பெண் யார்? பாட்டிக்குத் தெரியும். பாட்டிக்கு மட்டும்தான் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். படத்தின் பின்பக்கம் அழுத்தாமல் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு கதை வரும். அதைக் கேட்க ஒரு நாள் போதாது. அடுத்த ஞாயிறும் போகவேண்டியிருக்கும்.