மெஷினை வாங்கும் முன் வீட்டைக் கேளுங்கள்



போன வாரம் நான் போட்ட போட்டோவில் பக்கத்து வீட்டுச் சுவரோரம் ஒரு பெரிய ஃபேன் பெட்டி தெரிந்ததே, அதைப் பார்த்து ஆறேழு பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், அது ஹீட் பம்ப்தானே? நாங்களும் போடலாமா? குளிரில் வேலை செய்யாதாமே, கரண்ட் பில் எகிறுமாமே?" தனித்தனியாகப் பதில் எழுதக் கை வலிக்கிறது. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு மாதமாக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறேன். 1980களில் கட்டிய தனி வீடு. கடன் வாங்கித்தான் வாங்கியிருக்கிறார்கள். பழைய காஸ் பாய்லர் மூச்சு வாங்குகிறது. புது காஸ் பாய்லரா, ஹீட் பம்பா என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம். நான் என்ஜினீயர் இல்லை, ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பது வருஷத்துக்கு மேல் நடுநிலைப் பள்ளியில் அறிவியலும் கணக்கும் நடத்தியவள். இந்த விஷயத்துக்கு அது போதும் என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் அடிப்படை. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே இருந்த சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. ஹீட் பம்பும் அதே வேலைதான். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்து வீட்டுக்குள் ஓடும் தண்ணீருக்குக் கொடுக்கிறது. அந்தத் தண்ணீர் ரேடியேட்டர்களிலோ தரைக்கு அடியில் உள்ள குழாய்களிலோ சுற்றி வரும். "மைனஸ் பத்து டிகிரி காற்றில் ஏது சூடு?" என்று மாப்பிள்ளையே கேட்டார். இப்போது பல மெஷின்களில் உள்ளே ஓடுவது புரோபேன். அது மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதற்கு மைனஸ் பத்து என்பது சுடுகாற்று மாதிரி.

சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால்தான் லாபம். ஒரு யூனிட் கரண்ட் கொடுத்தால் மூன்று யூனிட் சூடு கிடைக்கலாம். நாலும் கிடைக்கலாம், இரண்டோடு நின்றும் போகலாம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆழம் கூடினால் உழைப்பு கூடும். இங்கே வெளிக்காற்றின் குளிருக்கும் உள்ளே ஓடும் தண்ணீரின் சூட்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஆழம். வெளிக்குளிர் நம் கையில் இல்லை. உள்ளே தண்ணீர் 35 டிகிரியில் ஓடப் போகிறதா, 65 டிகிரியில் ஓடப் போகிறதா என்பது நம் கையில் இருக்கிறது.

கணக்கு போடுவோம், நோட்டை எடுங்கள். ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு 18,000 யூனிட் சூடு தேவை என்று வைத்துக்கொள்வோம். காஸ் பாய்லரில் கொஞ்சம் வீணாகும், ஆக 20,000 யூனிட் காஸ். யூனிட் 11 சென்ட் என்றால் 2,200 யூரோ. கரண்ட் யூனிட் 30 சென்ட். ஹீட் பம்ப் ஒன்றுக்கு இரண்டு கொடுத்தால் 9,000 யூனிட் கரண்ட், 2,700 யூரோ. ஒன்றுக்கு மூன்று என்றால் 1,800 யூரோ. ஒன்றுக்கு நாலு என்றால் 1,350 யூரோ. மெஷின் ஒன்றேதான். ஒரு வீட்டில் நஷ்டம், இன்னொரு வீட்டில் லாபம். திட்டுகிறவர்களும் புகழ்கிறவர்களும் இரண்டு பேருமே உண்மைதான் சொல்கிறார்கள்!

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் புதிதாகக் கட்டாத, ஏற்கெனவே இருந்த வீடுகளில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது, காற்றிலிருந்து சூடு எடுக்கும் மெஷின்கள் சராசரியாக ஒன்றுக்கு மூன்றுக்குச் சற்று மேலே கொடுத்தன. வீட்டுக்கு வீடு அது கூடவும் குறையவும் செய்தது.

அந்தப் போட்டோவில் இருந்த பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்கிறேன். பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். முதல் குளிர்காலத்தில் பில்லைப் பார்த்துவிட்டு "ஏமாந்துவிட்டேன்" என்று மாப்பிள்ளையிடம் புலம்பியிருக்கிறார். போய்ப் பார்த்தால் தண்ணீர் 65 டிகிரியில் வைக்கப்பட்டிருந்தது. பழைய பாய்லரில் இருந்த அளவையே மாட்டியவர்கள் அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். படிப்படியாக 50க்கு இறக்கினார். வீடு முன்போலவே கதகதப்பாக இருக்கிறது. மீட்டர் நிதானமாக ஓடுகிறது. ஒரு குளிர்காலப் பணம் போனது போனதுதான்.

அதனால் என் கருத்து இது. மெஷின் நல்லதா என்று ஊரைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டைக் கேளுங்கள். கேட்பதற்குச் செலவே இல்லாத ஒரு பரீட்சை இருக்கிறது. ஜனவரியில், நல்ல குளிர் நாட்களில், இப்போது இருக்கும் காஸ் பாய்லரிலேயே சூடேற்றும் தண்ணீரை 55 டிகிரிக்கு இறக்கி ஒரு வாரம் இருந்து பாருங்கள். குளிக்கும் தண்ணீரின் அளவைத் தொடாதீர்கள், அதைக் குறைத்தால் கிருமி வளரும். நாங்கள் செய்து பார்த்தோம். வடக்குப் பக்க அறையும் குளியலறையும்தான் தேறவில்லை, மற்ற அறைகள் எல்லாம் பாஸ். அந்த இரண்டு இடத்தில் பெரிய ரேடியேட்டர் போட்டால் முடிந்தது. வீடு முழுக்க உடைக்க வேண்டாம்.

இன்னொன்று, எல்லா அறைக்கும் தண்ணீர் அளவாகப் போகும்படி வால்வுகளைச் சரிசெய்யச் சொல்லுங்கள். தலைமடைக்காரன் வாய்க்காலை அடைத்துக்கொண்டால் கடைமடை காயும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரிய மெஷினாக வாங்கவும் வாங்காதீர்கள். எங்களுக்கு வந்த முதல் கொட்டேஷனில் 14 கிலோவாட் என்று இருந்தது. வருஷத்துக்குத் தேவைப்படும் சூட்டை 2,000ஆல் வகுத்தால் தோராயமாகத் தேவையான கிலோவாட் வரும். 18,000ஐ வகுத்தால் 9. அளவுக்கு மீறிய மெஷின் அடிக்கடி நின்று நின்று ஓடித் தேய்ந்துபோகும். "இந்த 14 எப்படி வந்தது?" என்று கேட்கச் சொன்னேன். "அத்தை, அதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்" என்றார் மாப்பிள்ளை. வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் என் வகுப்பில் முழு மார்க் கிடையாது. உங்களுக்கே தெரியும்.

கோடையில் இதே மெஷின் திருப்பி ஓடிக் குளிர்விக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த வசதி உள்ள மெஷின் என்றால் செய்யும். ஆனால் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்பக்கம் வியர்க்கிறதல்லவா? தண்ணீரை ரொம்பக் குளிர்வித்தால் ரேடியேட்டரும் தரையும் அப்படித்தான் வியர்க்கும். தரைக்குழாயில் பதினெட்டு, இருபது டிகிரியில் தண்ணீர் விட்டால் அறைச்சூடு சில டிகிரி இறங்கும், அவ்வளவுதான். ஏசி மாதிரி வேண்டுமென்றால் ஃபேன் வைத்த தனிப் பெட்டியும் அது விடும் தண்ணீர் வடிய ஒரு குழாயும் வேண்டும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் செலவு அதிகம். இங்கே 2024 முதல் உள்ள விதிப்படி தகுதியைப் பொறுத்து 30லிருந்து 70 சதவீதம் வரை மானியம் உண்டு. ஆனால் வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் வாங்கும் நேரத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிப்பெட்டியின் சத்தம் அக்கம்பக்கத்தார் ஜன்னலுக்குப் போகக் கூடாது. சுவரும் ஜன்னலும் சூட்டைக் கசியவிடும் பழைய வீடென்றால், முதலில் அந்த ஓட்டையை அடைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, "போடுங்கள்" என்றுதான் மகளிடம் சொல்லியிருக்கிறேன். 2022ல் ரஷ்ய காஸ் குறைந்து விலை ஏறியபோது இங்கே ஒவ்வொரு வீடும் பட்ட பயத்தை அவள் ஃபோனில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கூரையில் சோலார் போட்டால் கரண்டில் ஒரு பங்கையாவது நாமே உண்டாக்கலாம். காஸை உண்டாக்க முடியாது.

கனடா, அயர்லாந்து, இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகள் அங்கங்கே உள்ள காஸ், கரண்ட் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். ஏற்கெனவே ஹீட் பம்ப் போட்டவர்கள் உங்கள் வீட்டில் தண்ணீர் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று இன்றே பார்த்துக் கமெண்டில் எழுதுங்கள். இதுதான் இந்த வார வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்