திடப்படுத்தலோடு முடிந்துவிடுகிறதா சீஷத்துவம்?



இது முக்கியமாக நம் சபைப் பிள்ளைகளுக்கு எழுதுவது. மற்ற சமயத்து மாணவர்களும் என் பதிவுகளைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். வயது வந்தபின் நல்வழியில் நிலைத்து நிற்க யாருடைய துணை வேண்டும் என்ற கேள்வி எல்லாருக்கும் உண்டு. ஆகவே நீங்களும் படியுங்கள். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளிக்குப் போகிறார்கள், வசனம் மனப்பாடம் செய்கிறார்கள், பரிசு வாங்குகிறார்கள். பிறகு திடப்படுத்தல் வகுப்பு. பேராயர் தலையில் கை வைத்து ஜெபிக்கிறார், முதல் திருவிருந்து, அன்று மத்தியானம் வீட்டில் பிரியாணி. பள்ளி இறுதிச் சான்றிதழ் வாங்கியதுபோல அத்தோடு ஒரு கணக்கு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அதற்குப்பின் நாற்பது ஐம்பது வருஷம் ஞாயிறுதோறும் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வருவதே கிறிஸ்தவ வாழ்க்கை என்று ஆகிவிடுகிறது.

ஆனால் உண்மையான பரீட்சைகள் எல்லாம் அதற்குப் பிறகுதானே வருகின்றன! கல்யாணம், கடன், சொத்துப் பங்கில் அண்ணன் தம்பி வழக்கு, பணம் கொடுத்தால் கிடைக்கும் வேலை, சொல் கேளாத பிள்ளை, விட முடியாத குடி, நாற்பது வயதில் துணையை இழப்பது. பதினைந்து வயதில் படித்த வினாவிடைகளை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வித்தாளைத் தனியாக எழுத முடியாது.

சீஷன் என்றால் மாணவன். படிப்பை நிறுத்தியவனை யாரும் மாணவன் என்று சொல்வதில்லை. ஆண்டவர் தம் சீஷர்களுக்குத் தனித்தனியாக டியூஷன் எடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். பன்னிரண்டு பேரை ஒன்றாக வைத்து, கூட நடந்து, கூடச் சாப்பிட்டு, அவர்கள் சண்டையைத் தீர்த்து வைத்துத்தான் கற்பித்தார். அவர்கள் எல்லாரும் வயது வந்தவர்கள், தொழில் செய்து பிழைத்தவர்கள்.

"யூடியூபில் தினமும் நல்ல நல்ல செய்தி கேட்கிறேன் சார், அது போதாதா?" என்று சிலர் கேட்கிறீர்கள். கேளுங்கள், நல்லதுதான். நானும் கேட்கிறேன். ஆனால் அந்தப் பிரசங்கியாருக்கு உங்கள் பெயர் தெரியாது. நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் என்ன சத்தம் என்று தெரியாது. மூன்று வாரம் உங்களைக் காணவில்லை என்றால் ஏன் என்று கேட்கமாட்டார். மனதைக் குத்தும் இடம் வந்தால் விரலால் தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடலாம். பக்கத்தில் உட்காரும் சகோதரனை அப்படித் தள்ள முடியாது. அங்கேதான் நாம் வளர்கிறோம் என்பது என் உறுதியான கருத்து.

புதிய ஏற்பாட்டு நிருபங்களை எடுத்து, 'ஒருவரையொருவர்', 'ஒருவருக்கொருவர்' என்று வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் அடிக்கோடிட்டுப் பாருங்கள். அன்புகூருவது, மன்னிப்பது, தாங்குவது, பாரத்தைச் சுமப்பது, புத்திசொல்வது, உபசரிப்பது, குற்றங்களை அறிக்கையிடுவது. கதவை மூடிக்கொண்டு தனியாக உட்கார்ந்து இவற்றில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது. தனி ஜெபம் அவசியம். ஆனால் பொறுமை என்ற பாடத்துக்குச் செய்முறைத் தேர்வு உண்டு, அதற்கு நம் பொறுமையைச் சோதிக்க இன்னொரு மனுஷன் வேண்டும்.

அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் அப்பொல்லோ வருகிறார். நல்ல பேச்சாளர், வேதத்தில் வல்லவர். ஆனால் யோவானின் ஞானஸ்நானம் வரைக்கும்தான் அவருக்குத் தெரியும். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவர் பேச்சைக் கேட்டார்கள். அவரைச் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய வழியை இன்னும் திருத்தமாக விளக்கினார்கள். கூடாரம் செய்து பிழைத்த ஒரு கணவனும் மனைவியும் படித்த பிரசங்கியாருக்குப் பாடம் சொல்ல, அவரும் கேட்டுக்கொண்டார். நம் சபையில் இன்று அப்படி நடக்குமா?

தோமாவையும் நினைத்துப் பாருங்கள். ஆண்டவர் உயிர்த்தெழுந்த அன்று மாலை அவர் மற்றவர்களோடு இல்லை. மற்றவர்கள் சொன்னபோது நம்பவில்லை. அதற்காக யாரும் அவரை ஒதுக்கிவிடவில்லை. எட்டு நாள் கழித்து அவர் அவர்களோடு இருந்தார், அங்கே ஆண்டவரைக் கண்டார். சந்தேகத்தோடு இருப்பவனுக்கும் உட்கார ஓர் இடம் வைத்திருந்த ஐக்கியம் அது.

சரித்திரத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லியின் கூட்டத்தாருக்குக் கட்டடக் கடன் இருந்தது. கேப்டன் ஃபாய் என்பவர் ஒரு யோசனை சொன்னார்: ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் வாங்கட்டும். ஏழைகளால் கொடுக்க முடியாதே என்றார்கள். மிக ஏழையான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன் என்றாராம் அவர். அப்படிப் பணம் வாங்க வீடுகளுக்குப் போனபோதுதான் யார் எப்படி வாழ்கிறார்கள் என்பதே தெரியவந்தது. கூட்டத்துக்கு இதுவரை இல்லாமல் போனது இதுதான் என்று வெஸ்லி புரிந்துகொண்டார். வாரந்தோறும் அந்தப் பன்னிரண்டு பேரும் கூடி ஒருவர் நிலைமையை ஒருவர் விசாரிக்கும் வகுப்புகள் பிறந்தன. கடன் வசூலில் தொடங்கியது ஆத்தும விசாரிப்பில் முடிந்தது.

நாமும் காணிக்கைக் கவரும் சந்தா நோட்டும் எடுத்துக்கொண்டு வீடுகளுக்குப் போகிறோம். திண்ணையில் நின்று ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறோம்!

நம் திருநெல்வேலிச் சபைகளுக்கு இந்த ஐக்கியம் புதிதல்ல. அசனத்தில் ஊரே ஒரே பந்தியில் உட்காருகிறது. பெண்கள் சமைக்கும் முன் ஆண்டவருக்கென்று கைப்பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், மிஷனெரிகள் எவ்வளவோ கொடுத்தாலும் எங்களுக்குத் தேவை அவர்களுடைய சிநேகம் என்று நேருக்கு நேர் கேட்டார். இரண்டு வருஷத்தில், 1912இல், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அன்று அவர் கேட்ட சிநேகத்தை இன்று நாம் ஒருவருக்கொருவர் கொடுக்கிறோமா?

ஒரு சாவு என்றால் முந்நூறு பேர் போய் நிற்கிறோம். அந்த மனுஷன் உயிரோடு கஷ்டப்பட்ட மூன்று வருஷத்தில் அந்த வீட்டுக்குள் மூன்று பேர் போயிருப்போமா? இதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகக் கேட்கிறேன்.

"கூடினால் வம்புதான் வரும், ஜெபக் குறிப்பு என்று சொல்லி ஊர்க்கதை பேசுவார்கள்" என்பது நியாயமான பயம். இதற்கு ஒரு நல்ல மருந்து உண்டு. ஹிட்லர் காலத்து ஜெர்மனியில், 1935இல், தீட்ரிச் போன்ஹோஃபர் ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் இளம் குருமார்களோடு சேர்ந்து வாழ்ந்து அவர்களைப் பயிற்றுவித்தார். 1937இல் போலீஸ் அதை மூடிவிட்டது. அங்கே ஒரு விதி இருந்தது: இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசக் கூடாது, தவறிப் பேசிவிட்டால் அதை அவனிடமே சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு விதியைக் கைக்கொள்ளும் குழுவுக்குள் வம்பு நுழையாது. ஒரே ஆள் எல்லாரையும் ஆட்டிவைக்கும் ஆபத்தும் உண்டு. அதற்குத்தான் தலைமையை மாற்றி மாற்றி வைக்க வேண்டும், குருவானவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது.

இனி சொல்வது உறவினர்கள் சிலருக்குக் கசக்கலாம். நம் சொந்தக்காரர்கள் மட்டும் கூடினால் அது குடும்ப ஜெபம். அது வேண்டும், ஆனால் சபை ஐக்கியம் அதைவிடப் பெரியது. வரி வசூலித்த மத்தேயுவும் செலோத்தே எனப்பட்ட சீமோனும் பன்னிருவரில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் கண்டிப்பாக எழுதினார். ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகப்போகிறது. இன்றும் கல்யாணத்துக்கும் சபைத் தேர்தலுக்கும் நாம் முதலில் பார்ப்பது எதை என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். நம் சாதிக்கு வெளியே உள்ள சபையார் யாராவது நம் அடுக்களை வரை வந்து சாப்பிட்டிருக்கிறார்களா? வராதவரை நம் திருவிருந்து பாதிதான் என்பேன்.

சரி, என்ன செய்யலாம்? சுலபமானதைச் சொல்கிறேன். ஆறு முதல் எட்டுப் பேர். ஒரே வயதாக, ஒரே சொந்தமாக இருக்க வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், வீடு மாற்றி வீடு. காபியும் ஒரு பிஸ்கட்டும் போதும், பலகாரப் போட்டி வேண்டாம். ஒரு சுவிசேஷத்தை எடுத்து ஒவ்வொரு பகுதியாக வாசியுங்கள், பிரசங்கம் வேண்டாம். பிறகு மூன்று கேள்விகள்: போன முறை தீர்மானித்ததைச் செய்தோமா? இப்போது எது பாரமாக இருக்கிறது? இந்தப் பகுதியைக் கேட்டபின் என்ன செய்யப் போகிறோம்? ஜெபித்துவிட்டுக் கலையுங்கள். வராதவரை மறுநாளே யாராவது போய்ப் பாருங்கள். போனில் விசாரிப்பது இரண்டாம் பட்சம்.

வெளிநாட்டிலும் சென்னை, பெங்களூரு அடுக்குமாடிகளிலும் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்குத்தான் இது அதிகம் தேவை. ஊர்ச் சபையின் நேரலையைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்திலேயே ஒரு சபையில் பெயர் கொடுங்கள், நாலு பேருக்கு உங்களைத் தெரியும்படி வாழுங்கள்.

முழங்கால் வலிக்கும் வயதிலும் கற்க வேண்டிய பாடம் மிச்சம் இருக்கிறது. கூடப் படிக்க ஆள் இருந்தால் அது பாரமாகத் தெரிவதில்லை. இந்த வாரத்துக்குள் இரண்டு பேரிடமாவது இதைப் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள். கருத்து வேறுபாடு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், வகுப்பில் சொன்னதுபோலத்தான், கேள்வி கேட்பவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.