மூடிய விமானத்தின் உள்ளே

எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் செய்யப்படும் மொடல் விமானமொன்றினுள் ஆறடி மனிதர் ஒருவர் நின்றால், அவருடைய உயரம் சரியாக ஓர் அங்குலம். அவர் அமரும் ஆசனத்தின் இரண்டங்குல அகலப் பட்டி, முக்கால் மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. கடந்த நான்கு மாதங்களாக நான் இரவில் செய்துவரும் வேலை இத்தகைய பட்டிகளை வெட்டுவதுதான். "இவ்வளவையும் செய்து இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒட்டி மூடிவிட்டால் பிறகு எவன் பார்க்கப் போகிறான்?" என்று பழைய ஆசிரியபீட நண்பரொருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லலாம் என்றே இதனை எழுதுகின்றேன்.

நான் செய்துகொண்டிருப்பது பிரிஸ்டல் பிளெனிம் என்ற பிரித்தானிய இரட்டை இயந்திரக் குண்டுவீச்சு விமானத்தின் நான்காவது ரகம். இதனைத் தெரிவுசெய்தமைக்குக் காரணம் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே காலையில், கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் அவசரமாக அமைக்கப்பட்ட ஓடுபாதையிலிருந்து றோயல் விமானப்படையின் 11ஆவது அணியைச் சேர்ந்த பதினொரு பிளெனிம்கள் கிளம்பின. இரண்டு இடைவழியில் திரும்பின. ஒன்பது விமானங்கள் யப்பானியக் கப்பற்படையைக் கண்டு, சுமார் 11,000 அடி உயரத்திலிருந்து குண்டுகளை வீசின. ஒன்றுகூட எந்தக் கப்பலிலும் படவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பி வரவில்லை. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலைப் பற்றி நம்மவர்கள் அறிவார்கள். இந்த ஐந்தையும் பற்றி எவரும் பேசுவதில்லை. அந்தத் திடலின் பழைய பார்வையாளர் மண்டபம் பின்னர் கடைத்தொகுதி ஆகிவிட்டது.

பெட்டியில் வருகின்ற பிளாஸ்ரிக் பாகங்களில் விமானத்தின் உட்புறம் என்று சொல்லத்தக்கதாக இருந்தவை ஒரு தளம், இரண்டு ஆசனங்கள், ஒரு கட்டுப்பாட்டுத் தண்டு, ஆசனத்தோடு ஒட்டிப்பிறந்த பொம்மை மனிதர்கள். மற்றெல்லாம் வெறும் சுவர். வெறுமையிலிருந்து தொடங்குவதற்கு இதுவும் ஒரு வசதிதான். வீட்டிலுள்ள எதுவும் வீண் போவதில்லை. பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்ரிக் சட்டத்தின் துண்டொன்றை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே பிடித்து, அது இளகும் கணத்தில் விலக்கி இரு கைகளாலும் இழுத்தால் தலைமயிரளவு மெல்லிய கம்பி கிடைக்கும். வேகமாக இழுத்தால் மெல்லியது, ஆறுதலாக இழுத்தால் தடித்தது. பழைய மின்வயரின் செப்பு நரம்புகள் எண்ணெய்க் குழாய்களாகின்றன. வர்ணம் பூசும்போது ஒட்டுகின்ற காகித நாடா ஆசனப்பட்டியாகின்றது. கால் மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் தகடு மிக மெல்லியதென்று நினைப்போம். ஆனால் உண்மையளவில் அது பதினெட்டு மில்லிமீற்றர், அதாவது முக்கால் அங்குலப் பலகை. உடற்பகுதியின் சுவரோ இன்னும் மோசம். 1.2 மில்லிமீற்றர் தடிப்பு, உண்மையளவில் எட்டரைச் சென்டிமீற்றர்! ஆகவே வரைபடத்தில் உள்ள அளவின்படி சரியாகச் செய்த தளம் உள்ளே நுழையாது. சுவரைச் சுரண்ட வேண்டும், அல்லது பொய் சொல்ல வேண்டும். நான் இரண்டையும் செய்தேன்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகின்றேன். மூக்குக் கண்ணாடியைச் சடுதியில் ஒட்டும் பசையினால் ஒட்டினேன். அதன் ஆவி படிந்து, மறுநாள் காலை கண்ணாடி முழுவதும் பனிமூட்டம். வெள்ளைப் பசையைத்தான் பாவித்திருக்க வேண்டும். இன்னொரு பெட்டி வாங்க வேண்டியதாயிற்று.

இப்போது இவற்றையெல்லாம் ஆயத்தமாகவே விலைக்கு வாங்கலாம். பித்தளைத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுத்த கருவிப்பலகைகள், ரெசினில் வார்த்த ஆசனங்கள், முப்பரிமாண அச்சில் எடுத்த நெம்புகோல்கள் கிடைக்கின்றன. என் கைவேலையைவிட அவை பன்மடங்கு துல்லியமானவை. வாங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை. கண்பார்வை மங்கியவருக்கு அவை பேருதவி. ஆனால் வாங்கிய பொருளை எங்கே ஒட்டுவது என்று மட்டுமே நாம் கேட்கின்றோம். செய்ய வேண்டிய பொருளைப் பற்றியோ, அது ஏன் அங்கே இருந்தது என்று கேட்காமல் செய்ய முடியாது.

ஓர் உதாரணம். விசிறிகளின் அலகுக் கோணத்தை மாற்றும் பிடிகளைத் தேடினேன். கருவிப்பலகையில் இல்லை, பக்கத்திலும் இல்லை. அவை விமானியின் ஆசனத்துக்குப் பின்னால் இருந்தன. கண்ணால் பாராமல் கையைப் பின்னே நீட்டித் தடவித்தான் இயக்க வேண்டும். கட்டுப்பாட்டுச் சக்கரத்தைச் செய்து பொருத்தியபோது, நான் ஒரு வாரமாக ஊசியால் கீறிய மானிகள் அதன் பின்னே மறைந்துபோயின. என் பிழையென்று எண்ணி மீண்டும் அளந்தேன். உண்மையான விமானத்திலும் அப்படித்தானாம். மூக்கை நீட்டி வழிகாட்டிக்கு மேசை கொடுத்தவர்கள், விமானிக்குத் தரை தெரியவில்லையென்று இடப்பக்கத்தை மட்டும் குடைந்துவிட்டார்கள். அதனால்தான் அந்த முகம் கோணல். குண்டறைக் கதவுகள் இன்னும் விசித்திரம். றப்பர் கயிறுகளே அவற்றை இழுத்து மூடி வைத்திருந்தன. விடுபட்ட குண்டின் பாரத்தால்தான் கதவு திறக்கும். எவ்வளவு நேரத்தில் திறக்குமென்று எவராலும் சொல்ல முடியாது. இதனை அறிந்த பின்னர், 1942இல் ஒன்பது விமானங்களின் குண்டுகளும் கடலில் வீழ்ந்ததை வெறும் துரதிர்ஷ்டம் என்று என்னால் எழுத முடியாது. இந்தக் கயிறுகளை எந்த நிறுவனமும் விற்பதாக நான் காணவில்லை. நான் நூலில் செய்தேன்.

(இங்கிலாந்தில் போருக்குப் பின்னர் ஒருவர், பிளெனிம் ஒன்றின் மூக்குப்பகுதியை ஒஸ்ரின் செவன் கார் ஒன்றின் அடிச்சட்டத்தில் ஏற்றி, மின்மோட்டார் பூட்டி, வீதியில் ஓட்டித் திரிந்தார். அதே மூக்கு திருத்தப்பட்டு, டக்ஸ்போர்டில் மீளமைத்த விமானத்தில் பொருத்தப்பட்டு 2014 நவம்பரில் வானில் பறந்தது. என்னைப் பைத்தியம் என்பவர்களுக்காக இதனைச் சொல்லி வைக்கின்றேன்.)

நண்பரின் கேள்விக்கு இது போதும் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் அவர் கேட்காத கேள்வியொன்று இருக்கின்றது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த தமிழன் ஒருவன் குண்டுவீச்சு விமானத்தை மேசையில் வைத்து அழகுபார்ப்பது எப்படி? நாங்கள் அதைப் 'பொம்மர்' என்போம். சத்தத்தைக் கொண்டே எந்த விமானம் என்று சொல்லிவிட்டுப் பங்கருக்குள் இறங்கியவர்கள் நாங்கள். 1990இல் போக்குவரத்து விமானங்களிலிருந்து பீப்பாய்க் குண்டுகளை உருட்டிவிட்டதையும், 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலித் தேவாலயத்தில் நடந்ததையும் நான் மறக்கவில்லை. கீழேயிருந்து நாங்கள் கண்டதெல்லாம் விமானத்தின் வயிறு மட்டுமே. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தும், அவர்களுக்கு ஆசனமும் மேசையும் இருக்கின்றன என்று நினைத்தவனல்லன்.

சென்ற மாதம் என் தாயார் மேசைக்கு அருகில் வந்து நின்றார். அவருக்கு இப்போது 84 வயது.

"இதென்ன தம்பி, பொம்மரோ?"

"ஓமம்மா. பழசு. வெள்ளைக்காரன்ரை."

"உள்ளுக்கை எத்தினை பேர்?"

"மூண்டு பேர்."

மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நன்றாகக் குனிந்து பார்த்தார். "கீழை எங்களைப் பாக்கிற சாமான் எங்கை?" என்றார்.

அது இல்லை. ஆசனங்கள், பட்டிகள், வழிகாட்டியின் மேசை, மேசையில் விரித்த வரைபடம், பென்சில்கூட இருந்தது. குண்டுக்குக் குறிபார்க்கும் கருவியை மட்டும் நான் செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். மறக்கவில்லை. அதன் படம் இரண்டு மாதமாக என் மேசை லாச்சியில் கிடந்தது. மூன்று மனிதர்களுக்கு வீடு கட்டுவதுபோலக் கட்டிக்கொண்டு போனவனுக்கு, அந்த வீட்டில் அதனை வைக்க மனம் வரவில்லை.

அன்றிரவே இரண்டு பக்கத்தையும் சேர்த்திருந்த பசையைக் கத்தியால் பிளந்து திறந்தேன். கருவி முழுவதும் ஐந்து மில்லிமீற்றர்கூட வராது. தகட்டில் இரண்டு துண்டு, செப்பு நரம்பில் மூன்று துண்டு. வழிகாட்டி குனிந்தால் கண்ணுக்கு நேரே வரும்படி மூக்கின் கண்ணாடியோடு சேர்த்து வைத்தேன். வெள்ளைப் பசையால்தான்.

இனிச் சக்கரங்களும் இயந்திர மூடிகளும் இருக்கின்றன. 1942இல் கொழும்புத் திடலில் நின்ற பிளெனிம்களின் படங்கள் எவருடைய வீட்டுப் பழைய அல்பத்திலாவது இருந்தால் எனக்கு அறியத்தாருங்கள். விமானத்தின் வெளிப்புறத்தை மட்டும் காட்டும் படமானாலும் பரவாயில்லை.