குத்தூசி படாத மூட்டை



இஷா தொழுகை முடிந்து மதரஸாவின் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, பத்தாம் வகுப்பில் படிக்கும் மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து கேட்டான்: "ஹஜ்ரத், அந்த கேம் கம்பெனியை சவூதி வாங்குதாமே. இனிமே அது ஹலால்தானே?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை. ஆண்டுதோறும் கால்பந்து விளையாட்டுகளை வெளியிடும் அமெரிக்க நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை 5,500 கோடி டாலருக்கு வாங்க ஓர் உடன்பாடு 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. வாங்குவோரில் முதன்மையானது சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம். அந்தச் செய்தி மண்ணச்சநல்லூர்ச் சிறுவனின் கைப்பேசி வரை வந்து, அவன் மனத்தில் மார்க்கக் கேள்வியாக மாறியிருந்தது. உரிமையாளர் யார் என்பதை வைத்து வியாபாரத்தின் தன்மை மாறாது என்று சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிட்டோம். ஆனால் நேர்மையாகக் கேட்ட பிள்ளைக்கு அது போதாது. அவனுக்கும் அவனைப் போன்றோரின் பெற்றோருக்கும் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறோம்.

இத்தகைய விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது, நம் பிள்ளைகள் அதிகம் அறியாத 'மேடன்' என்னும் அமெரிக்கக் கால்பந்து விளையாட்டு. ஜான் மேடன் என்பவர் 1977இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணிக்கு சூப்பர் பௌல் வெற்றியைப் பெற்றுத் தந்த பயிற்சியாளர். அவர் பெயரால் கணினி விளையாட்டு ஒன்றைச் செய்ய 1980களில் அந்த நிறுவனம் அவரை அணுகியது. அன்றைய கணினிகளின் வலு குறைவு. ஆகவே ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அணிக்கு 11 பேர் இல்லையென்றால் அது கால்பந்து அல்ல, என் பெயரும் அதில் வராது என்று மறுத்துவிட்டார் மேடன். ஆண்டுகள் பல காத்திருந்து, 1988இல்தான் விளையாட்டு வெளிவந்தது. செய்யும் தொழிலைச் செம்மையாகச் செய்வதை நம் மார்க்கம் இஹ்ஸான் என்கிறது. மாற்று மதத்தவரிடம் அதைக் கண்டால் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை.

பின்னர் அது ஆண்டுச் சரக்காயிற்று. ஒவ்வோர் ஆண்டும் புதிய எண்ணுடன் ஒரு பதிப்பு. 2004இல் போட்டி நிறுவனம் ஒன்று அதே போன்ற விளையாட்டை 20 டாலருக்கும் குறைவாக விற்றது. மேடனின் விலையும் இறங்கியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்புடன் தனியுரிமை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. உண்மையான அணிகளையும் வீரர்களையும் வைத்து அத்தகைய விளையாட்டைச் செய்ய வேறெவருக்கும் வழியில்லாமல் போயிற்று. இதை இஹ்திகார் எனலாமா என்றால், ஃபிக்ஹ் நூல்கள் அச்சொல்லைப் பெரும்பாலும் உணவுப் பதுக்கலுக்கே வழங்குகின்றன; வலிந்து பொருத்த விரும்பவில்லை. ஆனால் போட்டி போனபின் நடந்ததை ரசிகர்களே சொல்கிறார்கள். "போன வருடத்து விளையாட்டுதான், பெயர்ப் பட்டியல் மட்டும் புதிது" என்பது ஆண்டுதோறும் எழும் முறையீடு. முறையிட்டுக்கொண்டே வாங்கவும் செய்கிறார்கள்.

நம் நாட்டுக் கதை வேறு. அதே நிறுவனம் கிரிக்கெட் விளையாட்டும் வெளியிட்டுவந்தது. 2006 நவம்பரில் வந்த 'கிரிக்கெட் 07' தான் கடைசி. அதைச் செய்தது கனடாவில் உள்ள ஒரு நிறுவனம். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து அணிகளுக்கே உரிமம் பெறப்பட்டிருந்ததால் நம் வீரர்களின் பெயர்கள் திரிந்து கிடந்தன. அடுத்த பதிப்பு வரவேயில்லை. நம் இளைஞர்கள் என்ன செய்தார்கள்? பெயர்களைத் தாங்களே திருத்தினார்கள். புதிய சீருடைகள், ஐபிஎல் அணிகள், புதிய மைதானங்கள் என்று ஆண்டுதோறும் செய்து, காசு வாங்காமல் இணையத்தில் பகிர்ந்துகொண்டார்கள். திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் அந்த விளையாட்டு ஓடிக்கொண்டேயிருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். உண்மையைச் சொன்னால், பார்த்ததோடு நிற்கவில்லை. அஸருக்குப் பிந்திய ஓரிரு மணி நேரத்தை நாமும் அங்கே செலவிட்டதுண்டு. ஆகவே விளையாட்டே ஹராம் என்று மேடையில் முழங்குவோரின் வரிசையில் நாம் இல்லை. பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் காட்டவும் செய்தார்கள். அவர்களுடன் ஓட்டப் பந்தயமும் ஓடினார்கள்.

நம் அச்சம் வேறிடத்தில். இன்றைய கால்பந்து விளையாட்டுகளில் 'அல்டிமேட் டீம்' என்றொரு பகுதி உண்டு. அதில் வீரர்கள் அட்டைகளாக வருகிறார்கள். அட்டைகள் 'பேக்' எனப்படும் மூடிய பொதிகளில் இருக்கும். விளையாடி ஈட்டியும் பொதி பெறலாம். காசு கொடுத்தும் வாங்கலாம். காசு கொடுப்பவருக்கு உள்ளே யார் இருக்கிறார் என்பது திறந்த பின்பே தெரியும். 2021 நிதியாண்டில் இந்தப் பகுதியால் மட்டும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஈட்டியது ஏறத்தாழ 162 கோடி டாலர். அதன் மொத்த வருவாயில் 29 விழுக்காடு. அடுத்த ஆண்டுப் பதிப்பு வந்ததும் பழைய அட்டைகள் அதற்குள் வாரா. மீண்டும் முதலிலிருந்து வாங்க வேண்டும். ஆண்டுதோறும் புதிய பதிப்பு ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நமக்குக் கிடைக்கவில்லை.

இந்த வியாபாரம் நம் மார்க்கத்துக்குப் புதிதன்று. அறியாமைக் காலத்து அரபியர் 'பைஉல் ஹஸாத்' என்றொரு விற்பனை செய்தனர். துணிகளை விரித்து வைத்து, கல் எறிவார்கள். எத்துணியின் மேல் கல் விழுகிறதோ அது வாங்குபவருக்கு, விலை மட்டும் ஒன்றே. இவ்விற்பனையையும், என்ன கிடைக்கும் என்று அறியாத 'கரர்' விற்பனையையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிம் நூலில் உள்ளது. கல்லுக்குப் பதில் கணினி வந்திருக்கிறது, அவ்வளவே.

"இல்லை ஹஜ்ரத், எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று அதிலேயே போட்டிருக்கிறார்கள்" என்று சில இளைஞர்கள் வாதிடுகிறார்கள். உண்மைதான், 2018இல் வந்த பதிப்பு முதல் போடுகிறார்கள். சிறந்த வீரர்களுக்கு எதிரே ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்றிருக்கும். ஆனால் அந்த அரபியரும் துணிகளை மறைத்து வைக்கவில்லையே! எத்தனை துணி நல்லது, எத்தனை மட்டம் என்று வாங்குபவன் கண்ணாலேயே பார்த்தான். தன் காசுக்கு எது வரும் என்பதுதான் அவனுக்குத் தெரியாது. தடை வந்தது அதற்காகவே.

நாம் அரிசி ஆலைகளின் ஊரில் வாழ்பவர்கள். மண்ணச்சநல்லூர்ப் பொன்னியை வாங்க வரும் வியாபாரி குத்தூசியால் மூட்டையைக் குத்தி, உள்ளங்கையில் அரிசியைப் பரப்பிப் பார்த்த பின்பே விலை பேசுவார். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டறிந்து, அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வணிகரைக் கடிந்த நபியின் (ஸல்) உம்மத்துக்கு இது இயல்பான வழக்கம். "மூட்டைக்குள் பொன்னியும் இருக்கலாம், தவிடும் இருக்கலாம், விலை ஒன்றுதான்" என்று ஓர் ஆலைக்காரர் சொன்னால் அன்றே அவர் கடை காலியாகும். நம் வீட்டுப் பிள்ளை கைப்பேசியில் அதே மூட்டையை வாங்கும்போது நமக்கு ஏன் தெரிவதில்லை?

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தெரியவில்லை. அத்தா வளைகுடாவில். மாதம் பிறந்தால் பணம் வரும். கணக்கில் நூறும் நானூறுமாகக் குறைந்துகொண்டே வந்ததைக் கண்ட தாய், வங்கியில் எவரோ திருடுகிறார் என்றெண்ணி பாஸ்புக்கோடு நம்மிடம் வந்தார். கூட்டிப் பார்த்தால் பதினொன்றாயிரத்துக்கும் மேல். தாயின் யூபிஐ எண்ணை அறிந்திருந்த மகன், மொஹமத் ஸலாஹின் அட்டை வேண்டுமென்று ஒரு விளையாட்டில் பொதிகளாக வாங்கித் தள்ளியிருந்தான். விளையாட்டின் பெயர் இங்கே வேண்டாம். ஸலாஹ் கடைசி வரை வரவில்லை. "அடுத்ததில் வரும்னு நினைச்சேன்" என்று அழுதான். தாயோ, இதை அத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று நம்மிடம் அழுதார். வெயிலில் நின்று சம்பாதித்தவருக்கு இன்றளவும் தெரியாது. சொல்லாமல் இருக்கிறோமே என்ற உறுத்தல் நமக்கு உண்டு.

சட்டம் காப்பாற்றுமா? பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் இப்பொதிகளைச் சூதாட்டம் என்றது. 2019 ஜனவரி முதல் அங்கே காசுக்கு விற்பது நின்றது. நெதர்லாந்தில் 1 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டு, 2022இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பொதி என்பது திறமை விளையாட்டின் ஒரு பகுதியே என்றது. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் வந்த இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணமோ வேறு ஆதாயமோ எதிர்பார்த்து ஆடும் ஆட்டங்களைத் தடுக்கிறது. நல்லதே. ஆனால் அட்டையைக் காசாக்க முடியாது என்று சொல்லிப் பொதி விற்பவர் விலகிக்கொள்வார். அந்த வாதம் நீதிமன்றத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். ஹலால் ஹராம் பார்ப்பவருக்குப் போதாது. கல் விழுந்த துணியை மறுபடி விற்க முடியுமா என்று ஹதீஸ் கேட்கவில்லை.

ஆகவே பெற்றோரிடம் நாம் வேண்டுவது கைப்பேசியைப் பிடுங்குவதை அல்ல. பிடுங்கினால் நண்பன் வீட்டில் ஆடுவான். யூபிஐ எண்ணை மாற்றுங்கள். ஒரு நாள் அவனருகில் அமர்ந்து, அந்தப் பொதியைத் திறக்கும் திரையை நீங்களே பாருங்கள்: ஒளி, ஓசை, அந்த இடைநிறுத்தம். எதற்காக அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அவனிடமே கேளுங்கள். பிள்ளைகள் நம்மைவிட நன்றாக விளக்குவார்கள்.

கேள்வி கேட்ட மாணவனுக்கு மறுவாரம் இவ்வளவையும் சொன்னோம். கவனமாகக் கேட்டான்.

"அப்போ காசு போடாம விளையாடலாமா ஹஜ்ரத்?"

"தொழுகையும் படிப்பும் கெடாவிட்டால் விளையாடு."

"காசு போடலைன்னா ஜெயிக்க முடியாது ஹஜ்ரத். போட்டவங்க டீம்தான் ஜெயிக்கும்."

"அப்படியானால் தோற்றுக்கொண்டே விளையாடு" என்றோம். சிரித்துவிட்டு சைக்கிளை எடுத்தான்.